எரிகல்லுக்குப் புள்ளி இல்லை

அவரை எல்லோரும் டமார் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரைக் கேட்டுவிட்டு ஆளைப் பார்க்க வருகிறவர்கள், அவருக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று ஒரு கணம் எட்டிப் பார்ப்பார்கள். கதவுக்கு வலித்துவிடுமோ என்பதுபோலக் கதவைச் சாத்துகிற மனிதர். தும்மல் வந்தால்கூட வெளியே போய்த் தும்மிவிட்டு வருவார். ஆனாலும் அந்த ஊரில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் படித்த படக்கதைகளில் பாலம் இடிந்ததும், கார் கவிழ்ந்ததும், வில்லனின் தாடை பெயர்ந்ததும் அவர் கையால்தான்.

படக்கதைப் பத்திரிகையில் எழுத்து எழுதுவது அவர் வேலை. கதை சொல்கிறவர் வேறு, படம் போடுகிறவர் வேறு. படம் போடுகிறவர் மூலையில் கொஞ்சம் வெள்ளை இடம் விட்டு அனுப்புவார். அந்த வெள்ளைக்குள் பேச்சையும், அடிதடி நடக்கிற இடத்தில் சத்தத்தையும் இவர் எழுதிச் சேர்க்க வேண்டும். பேச்சைவிடச் சத்தம்தான் கஷ்டம். 'டமார்' என்று எழுதினால் படிக்கிறவன் காதில் விழவேண்டும். விழுந்தால் மட்டும் போதாது, கொஞ்சம் புழுதியும் கிளம்ப வேண்டும். அந்த 'ர்' தலையில் இருக்கிற புள்ளியை அவர் புள்ளியாக வைக்கமாட்டார். சுவரிலிருந்து தெறித்த கல்லாக வைப்பார். 'பளார்' என்றால் அதே புள்ளி கழன்று பறக்கும் பல். 'சதக்' என்றால் ஒரு துளி. 'ணங்' என்றால் புள்ளியைச் சுற்றி மெல்லிசாக ஒரு வளையம், பாத்திரம் இன்னும் அதிர்ந்துகொண்டிருப்பதுபோல. புதிதாகச் சேர்ந்தவர்கள், ஒரு புள்ளிக்கு இவ்வளவு பாடா என்று சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த புள்ளிக்குத் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்வார்.

பத்திரிகையின் நாயகன் பெயர் எரிகல். பகலில் வரி வசூல் அலுவலகத்தில் குமாஸ்தா. தலைநிமிராமல் ரசீது கிழிப்பவன். எங்காவது யாராவது காப்பாற்றச் சொல்லிக் கத்திவிட்டால் உடம்பெல்லாம் சிவந்து, முதுகில் தீப்பிடித்த போர்வையோடு வானத்திலிருந்து வந்து விழுவான். எவ்வளவு கெட்டவனாக இருந்தாலும் கொல்லமாட்டான். அடித்துப் போட்டுவிட்டு, "எழுந்து ஓடு" என்பான். பிள்ளைகளுக்கு அந்த இரண்டு சொல்லும் மனப்பாடம்.

பிறகு பிள்ளைகள் பக்கம் புரட்டுவதை விட்டுப் பொத்தான் அமுக்கப் போய்விட்டார்கள். முதலாளி சில காலம் பல்லைக் கடித்துக்கொண்டு நடத்திப் பார்த்தார். முடியாமல் போனதும் எரிகல்லை, கைக்குள் அடங்கும் வீடியோ கேம் தயாரிக்கிற ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார். பழைய இதழ்கள், படங்கள் வைத்த அலமாரி, டமார் அண்ணன், மூன்றும் ஏறக்குறைய ஒரே வண்டியில் ஏறிப் போயின. படத்தை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம், அந்தச் சத்தத்தை மட்டும் அவர் எழுதினால்தான் பிள்ளைகள் எரிகல் என்று நம்புவார்கள் என்று முதலாளி ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார். கம்பெனி மேனேஜர் குரலை உயர்த்தாத மனிதர். முதல் கேம் நல்லபடியாக வெளிவரட்டும், அப்புறம் வேலையை நிரந்தரமாக்கிவிடலாம் என்று அவரும் மெதுவாகத்தான் சொன்னார்.

டமார் அண்ணனுக்கு அந்த 'அப்புறம்' வரைக்கும் தாக்குப்பிடிக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

முதலில் கண்டுபிடித்தது மனைவி. அவர் ஒரு ஆயத்த ஆடைக் கடைக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுப்பவர். கல்யாணமான நாளிலிருந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது டமார் அண்ணனின் வேலை. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. ஒருநாள் ஊசியின் காது ஒரு பக்கமும் நூல் ஒரு பக்கமுமாக அவர் காற்றைக் குத்திக்கொண்டிருந்ததை அந்த அம்மா தையலை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஊசியை வாங்கித் தானே கோத்துக்கொண்டார். அடுத்த வாரம் சொன்னார், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று.

"கண்ணு போச்சுன்னு வெளியில தெரிஞ்சா அப்புறம் யாரு என்னைக் கூப்பிடுவாங்க?"

"கண்ணே போயிட்டா, கூப்பிடறது யாருன்னு மட்டும் எப்படித் தெரியும்?"

கேம் வெளிவரட்டும் என்றார். கண்ணின் லென்சில் புரை விழுந்தால் எல்லாம் பால் கலந்த தண்ணீருக்குள் இருப்பதுபோலத் தெரியும். பெரிய எழுத்துக்களைச் சமாளித்துவிடலாம். கைக்குப் பழக்கம் இருக்கிறது, கண்ணுக்கு முன்னால் கை போய்விடும். சின்னதுதான் எதிரி. வாழ்நாளெல்லாம் சின்னதை வைத்தே பிழைத்த மனிதருக்கு அதைப் போய் யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

கம்பெனி ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. கீழே நாள் முழுக்க இரும்பு வளையத்தைச் சுத்தியலால் தட்டுவார்கள். மேலே இரண்டே அறை. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாசனை, மூடினால் கம்ப்யூட்டர்களின் சூடு. டமார் அண்ணனுக்குப் பக்கத்து மேசையில் ஒரு பெண். அவள் வேலை, படத்தையும் எழுத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து அந்தக் கையகலத் திரைக்குள் அடக்குவது. எல்லோரும் அவளைக் கட்டம்மா என்றார்கள். அவளே வைத்துக்கொண்ட பெயர். வாய் ஓயாது. கணவரின் கடை மூடிவிட்ட கதையைக்கூட, "எங்க வீட்டுக்காரர் இப்ப சும்மா இருக்கிறதுல ரொம்ப பிஸிண்ணே" என்றுதான் சொன்னாள். வீட்டில் வருகிற ஒரே சம்பளம் அவளுடையது என்பது அதிலிருந்தே அவருக்குப் புரிந்தது.

அவர் தாளில் பெரிதாக எழுதிக் கொடுப்பார். அவள் அதைச் சுருக்கிச் சுருக்கிக் கட்டங்களில் ஏற்றுவாள். தமிழ் எழுத்துக்கு வளைவு அதிகம், கட்டத்துக்கு வளையத் தெரியாது. 'ஞ' ஒன்றுக்காக இருவரும் ஒரு காலை நேரம் முழுக்க மல்லுக்கு நின்றார்கள். அதற்கு மட்டும் தனி வீடு கட்டித்தர வேண்டும்போல என்றாள் அவள். புள்ளிக்கு ஒரே ஒரு கட்டம்தான், அதற்குமேல் கேட்டால் மேனேஜர் வாடகை கேட்பார் என்றும் சொன்னாள். தெறிக்கும் கல்லையும் பறக்கும் பல்லையும் ஒற்றைக் கட்டத்துக்குள் எப்படி வைப்பது? டமார் அண்ணன் மனசுக்குள் பெருமூச்சு விட்டுக்கொண்டு சரி என்றார். ஆனால் அவள் அந்த ஒற்றைக் கட்டத்தை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு எழுத்துக்கும் அவரைக் கேட்டாள். கொஞ்சம் வலமா, நடுவிலா, ஒட்டியா, தள்ளியா. வருஷக்கணக்கில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. அவளுக்கு அதைக் கேட்கத் தெரிந்திருந்தது என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

கேம் முடிகிற கட்டத்தில் ஒரு வேலை பாக்கி. பழைய பத்திரிகையிலிருந்து எடுத்த படங்களில் அச்சுமையின் சிதறல் நிறைய. திரையில் பார்த்தால் எரிகல்லின் நெற்றியில், வானத்தில், சுவரில் எல்லாம் தனித்தனியாகக் கரும்பொட்டு. ஒவ்வொன்றாக அழிக்க ஆயுசு போதாது. அதற்கென்று ஒரு கட்டளை இருந்தது: அக்கம்பக்கத்தில் துணையில்லாமல் ஒற்றையாக நிற்கிற கட்டம் எதுவானாலும் அழித்துவிடும். அதற்கு அவர்கள் 'தூசி தட்டுவது' என்று பெயர் வைத்திருந்தார்கள். கட்டம்மா தூசி தட்டினாள். படங்கள் பளிச்சென்று ஆயின. அவசரத்தில் படங்கள் இருந்த அதே இடத்தில்தான் எழுத்துக்களும் இருந்தன என்பதை அவள் கவனிக்கவில்லை. தமிழில் துணையில்லாமல் ஒற்றையாக நிற்பது எது? ஒரே தட்டலில் அத்தனை மெய்யெழுத்தின் தலையும் மொட்டையாகிவிட்டது.

அவளும் பார்க்கத்தான் பார்த்தாள். ஆனால் தமிழ் படித்தவனுக்குப் புள்ளி இல்லாவிட்டாலும் படிக்க வரும், அதுதான் ஆபத்து. 'டமார' என்று இருந்தாலும் கண் அதை 'டமார்' என்றே உள்ளே அனுப்பிவிடும். மாதக்கணக்கில் அதே எழுத்துக்களைப் பார்த்துப் பார்த்து அவள் கண் மரத்துப்போயிருந்தது. அது அவளுக்கே தெரிந்திருந்தது. அதனால்தான் தயாரான கேம் டப்பாவை எடுத்துக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"அண்ணே, நாளைக்கு இது ஃபாக்டரிக்குப் போகுது. எழுத்தை ஒருவாட்டி பார்த்துடுங்க. புள்ளியெல்லாம் அதது இடத்துல இருக்கான்னு முக்கியமாப் பாருங்க. எனக்குப் பார்த்துப் பார்த்து ஒண்ணும் உறைக்கல."

உள்ளங்கை அளவுத் திரை. சாம்பலும் பச்சையும் கலந்த வெளிச்சம். அதற்குள் ஏதோ நகர்ந்தது. எரிகல்லா, அடிவாங்குகிறவனா என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. மேனேஜர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். டமார் அண்ணன் டப்பாவைக் கண்ணருகே கொண்டுபோனார், பிறகு தள்ளிப் பிடித்தார், வயதானவர்கள் செய்வதுபோல. கண்ணாடி இருக்கிறதே, போட்டுக்கொள்ளுங்கள் என்றாள் அவள். போட்டுக்கொண்டார். பால் கொஞ்சம் கிட்டே வந்தது, அவ்வளவுதான்.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். பொத்தானை அமுக்கிவிட்டு, "டமார்" என்று படித்தார். அடுத்து, "நில்". அடுத்து, "பளார்". எந்தப் பொத்தானுக்குப் பிறகு எந்தச் சத்தம் வரும் என்று வரிசை போட்டுக் கொடுத்தவரே அவர்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கலாம். கண்ணைத் திறந்துகொண்டே ஒப்பித்தார். நிதானமாக, ஒவ்வொரு மெய்யையும் அழுத்தி, புள்ளி காதில் கேட்கும்படி. கட்டம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "எழுந்து ஓடு" என்று முடித்துவிட்டு டப்பாவை அவள் கையில் கொடுத்தார்.

"புள்ளி தெளிவாத் தெரியுதா அண்ணே?"

"தெரியுதும்மா."

"நீங்க சொன்னா சரி" என்று அவள் எழுந்து போனாள். அந்தச் 'சரி'யில் இருந்த நிம்மதியை அவர் கேட்டார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், இருக்கும், புள்ளி இருக்கத்தான் இருக்கும், அவள் வேலையில் பிசகு வராது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போனார்.

கேம் கடைக்கு வந்தது, நன்றாகவும் விற்றது. பெரியவர்கள் கவனிக்கவேயில்லை, கவனித்தது பிள்ளைகள். அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட வாண்டுகளுக்குக் கண் மரத்துப்போகவில்லை; இருக்கிறதை இருக்கிறபடியே படித்தார்கள். "டமார" என்றார்கள். "நில" என்றார்கள். பிறகு அதுவே ஒரு விளையாட்டாகிவிட்டது. தெருவில் ஒரு குட்டி இன்னொரு குட்டியைத் துரத்திக்கொண்டு, "எழுநது ஓடு, எழுநது ஓடு" என்று கத்தியது. வீட்டுக்குள், "அமமா, தணணீர வேணடும" என்று கேட்டு அறை வாங்கினார்கள். அறை விழுந்ததும் "பளார" என்று சொல்லி இன்னொன்றும் வாங்கினார்கள். கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பே பரீட்சைத் தாளில் புள்ளி வைக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டு, எரிகல்லே அப்படித்தான் எழுதுகிறார் என்று ஆசிரியையிடம் வாதாடியது. அந்த ஆசிரியை கம்பெனிக்கு நேரிலேயே வந்துவிட்டார். விஷயம் கம்பெனியின் பெரிய முதலாளி காதுக்குப் போனது. கடைகளிலிருந்து கேமைத் திரும்ப எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

மேனேஜர் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். யாரையும் குற்றம் சொல்லக் கூப்பிடவில்லை, எந்த இடத்தில் நழுவியது என்று மட்டும் தெரிந்தாக வேண்டும் என்றார். அப்படிச் சொன்னாலே குற்றவாளி ஒருவர் வேண்டும் என்று அர்த்தம்.

கட்டம்மா சுற்றி வளைக்கவில்லை. "தூசி தட்டினது நான்தான் சார். எழுத்து மேலயும் தட்டிட்டேன், அது என் தப்பு. ஆனா தட்டினதுக்கு அப்புறம்தான் அண்ணன்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒவ்வொண்ணாப் படிச்சுப் பார்த்துட்டு சரின்னாரு."

மேனேஜர் இவர் பக்கம் திரும்பினார். "அண்ணே?"

கீழே சுத்தியல் தட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் தெரியவில்லை என்று சொன்னால் முடிந்தது. சொன்னால் அந்த அறையிலிருந்து இறங்கிப் போகிறவர் அவராக இருப்பார். கீழே போனால் அவருக்கு இன்னொரு மேசை உலகத்தில் எங்கேயும் கிடையாது. அவளுக்கு வயது இருக்கிறது, வாய் இருக்கிறது, கண் இருக்கிறது. எப்படியாவது பிழைத்துக்கொள்வாள். இவ்வளவும் அவர் அந்த ஒரு மூச்சுக்குள் யோசித்தார் என்று சொல்ல முடியாது. யோசனை பிறகுதான் வந்தது, வாய் முந்திக்கொண்டது.

"என்கிட்ட காட்டும்போது புள்ளி இருந்துச்சு சார்."

கட்டம்மா மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, புரியாததைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"எல்லாப் புள்ளியுமா அண்ணே?"

"எல்லாம்."

அப்படியென்றால் அவரிடம் காட்டிய பிறகு அவள் தூசி தட்டியிருக்கிறாள், தட்டியதை மறைக்கப் பார்க்கிறாள் என்று ஆயிற்று. கவனக்குறைவு என்றால் எச்சரித்து விட்டுவிடலாம்; பொய் என்றால் விட முடியாது. மேனேஜர் மேசைமேல் இருந்த பேனாவை நேராக்கி வைத்தார். மிகவும் வருத்தமாக இருக்கிறது என்றார். அவர் குரல் அப்போதும் உயரவில்லை.

அவள் தன் மேசையைக் காலி செய்ய அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பையோடு படியிறங்குகிறவளை எதிர்கொள்ளக் கூடாதென்று டமார் அண்ணன் முன்கூட்டியே கீழே போய் நின்றிருந்தார். அந்தப் படியைத் தவிர வேறு வழி இல்லை என்பது அவருக்கு அப்போது நினைவில்லை. அவள் கடைசிப் படியில் நின்று பைக்குள் கையை விட்டு ஒரு கேம் டப்பாவை எடுத்தாள். அவளுக்கென்று கம்பெனி கொடுத்தது.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு படிச்சுக் காட்டுங்கண்ணே. ஆசையா இருக்கு."

குரலில் வழக்கமான கேலிதான் இருந்தது. அவர் வாங்கிக்கொண்டார். மறுத்தால் சந்தேகம் வரும். திரையில் பால் இருந்தது, எப்போதும்போல. முதலில் வருவது எது என்று அவருக்குத் தெரியாதா? பொத்தானை அமுக்கிவிட்டு, "டமார்" என்றார்.

அவள் டப்பாவை அவர் கையிலிருந்து எடுத்துத் திருப்பிக் காட்டினாள். பின்பக்க மூடி திறந்திருந்தது.

"பேட்டரியே இல்லண்ணே."

டமார் அண்ணன் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். சுத்தியல் நின்றிருந்தது, டயர் கடையில் யாரோ டீ குடிக்கப் போயிருந்தார்கள்போல.

"இப்ப நான் மேல ஏறிப் போய்ச் சொல்லலாம். உங்களை இதே மாதிரி படிக்கச் சொன்னா நம்புவாங்க. ஆனா அப்புறம் நாளைக்கு வந்து உங்க பக்கத்துல உக்காந்து, இந்தப் புள்ளியை எங்க வைக்கறதுன்னு உங்களையே கேக்கணும்." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "என்னால முடியாதுண்ணே."

அவள் தெருவில் இறங்கிப் போனாள். போனது அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒரு நிறம் மற்ற நிறங்களோடு கலந்ததுதான் தெரிந்தது.

மறுநாள் மேனேஜர் அவரைக் கட்டம்மாவின் நாற்காலியில் உட்கார வைத்தார். புள்ளி வைக்க அவரைவிட ஆள் யார் இருக்கிறார்கள்? விழுந்துபோன புள்ளிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துவிட்டால் போதும், புதிதாகத் தயாரித்து அனுப்பிவிடலாம். நாற்காலி அவளுக்குத் தகுந்த உயரத்தில் இருந்தது. அவருக்கு முழங்கால் மேசையில் இடித்தது. பெரிய திரை ஆயிற்றே, தெரியும் என்று ஒரு நப்பாசை இருந்தது. பெரிய திரைக்குப் பெரிய வெளிச்சம். பால் பாத்திரம் பெரிதாயிற்று, அவ்வளவுதான். எழுத்துக்கள் எங்கோ அடியில் கிடந்தன.

எழுந்து போயிருக்கலாம். அவர் புள்ளி வைத்தார். எந்த எழுத்துக்குப் பிறகு எவ்வளவு நகர்த்தினால் தலை வரும் என்று கையை நம்பி, மதியம்வரை வைத்துக்கொண்டே இருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு மேனேஜர் வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"அண்ணே, எரிகல்லுக்கு அம்மை போட்டிருக்கு."

டமார் அண்ணன் திரும்பவில்லை.

"மூஞ்சி முழுக்க வெச்சிருக்கீங்க. எழுத்து கீழ இருக்கு." பிறகு, இன்னும் தணிந்த குரலில், "எப்பலேருந்து?"

"கொஞ்ச நாளாவே."

"அப்ப அவங்க சொன்னது…"

டமார் அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். மேனேஜர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். இப்போது வெளியே போகச் சொல்வார் என்று இவர் நாற்காலியை நகர்த்தினார். மேனேஜர் உட்காரச் சொன்னார். அவளைப் பற்றிப் பெரிய முதலாளிக்குத் தான் சொல்லியாகிவிட்டது, அவரும் சரியான முடிவு என்று பாராட்டிவிட்டார் என்றார். இப்போது மாற்றிச் சொன்னால், கண் தெரியாதவரிடம் வேலையைக் கொடுத்தவன், கண் தெரிந்தவளை அனுப்பியவன் என்று இரண்டு பெயரும் தனக்குத்தான் வரும்.

"நீங்க கண்ணைக் காட்டி சரி பண்ணிக்குங்க, கம்பெனி பார்த்துக்கும். புள்ளியை வேற யாராவது வைக்கட்டும். உங்க வேலையும் நிரந்தரம்தான், நான் பேசிடறேன். இந்தப் பேச்சு மட்டும் இந்த ரூமோட இருக்கட்டும்ணே."

எழுத்துக்கு அவரை வேலைக்கு எடுத்தார்கள். இனிப் பேசாமல் இருப்பதற்கு வைத்துக்கொள்ளப் போகிறார்கள். டமார் அண்ணன் நன்றி சொன்னார். அதுவும் பழக்கம்தான், வாய் முந்திக்கொண்டது.

வேலை நிரந்தரமானதை வீட்டில் சொன்னபோது மனைவி பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். கண்ணுக்கும் கம்பெனியே செலவு செய்கிறது என்றதும் ஊசி நின்றது. அந்தப் பெண், பக்கத்து மேசைக்காரி, அவளுக்குச் சிக்கல் என்று சொன்னீர்களே, என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"வேற இடம் போயிட்டா."

"அவளாப் போனாளா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டப் போனார். ஆணி கிடைக்கவில்லை, சட்டை கீழே விழுந்தது. மனைவி எழுந்து வந்து எடுத்து மாட்டினார். அதற்கப்புறம் அந்தப் பெண்ணைப் பற்றி அந்த வீட்டில் ஒரு வார்த்தை எழவில்லை. எழாததால் அது போய்விடவும் இல்லை. சாப்பிடும்போது இரண்டு பேருக்கும் நடுவில் அதுவும் உட்கார்ந்து சாப்பிட்டது.

கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கண்கட்டை அவிழ்த்த அன்றைக்கு அவர் முதலில் பார்த்தது ஆஸ்பத்திரிச் சுவரில் காரை பெயர்ந்திருந்ததை. வீட்டுக்கு வந்தால், இத்தனை காலம் இவ்வளவு ஒட்டடைக்கு நடுவிலா குடியிருந்தோம் என்று இருந்தது. மனைவியின் விரல் நுனிகளில் ஊசி குத்திய தழும்புகள் தெரிந்தன. அலமாரியில் பழைய கேம் டப்பா இருந்தது, திரும்பப் பெற்றவற்றில் ஒன்று. பேட்டரி போட்டுப் பார்த்தார். 'டமார' என்றது. அவ்வளவு பச்சையாக, அவ்வளவு வெளிப்படையாக. பார்த்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். பார்க்கத்தான் அவளும் அவரிடம் கொண்டுவந்தாள்.

வேலையில் அவருக்கு முன்னைவிட மரியாதை. இரண்டாவது கேமுக்கு எழுத்து முழுவதும் அவரே செய்தார். ஒற்றைக் கட்டத்துக்குள்ளேயே கல் தெறிப்பதுபோல ஏதோ வித்தை செய்துவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். மேனேஜர் அவர் மேசையைக் கடக்கும்போது ஒரு நொடி நிற்பார், பிறகு போய்விடுவார்.

ஒரு விடுமுறை நாளில் மனைவிக்கு நூல்கண்டு வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நல்ல வெயில். நூல்கடைக்கு எதிரில், இரண்டு படி உயரத்தில், ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய பெட்டிக்கடை. கைக்கடிகாரம் பழுது பார்ப்பது, பேட்டரி மாற்றுவது. யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாமல்தான் கடிகாரத்துக்கு வார் கேட்கலாம் என்று முதல் படியில் கால் வைத்தார். பிறகு தெரிந்தது. தெரியாமல் இருக்க வழியே இல்லாமல் தெரிந்தது. ஒரு கண்ணில் உருப்பெருக்கி மாட்டி, சின்னக் குறடால் ஏதோ சக்கரத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். நெற்றியோரம் நரை. சட்டைக் கையில் தையல் பிரிந்து ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நூலின் நிறம்கூட அவருக்குத் தெரிந்தது.

அவள் நிமிர்ந்தாள். உருப்பெருக்கியைக் கழற்றினாள்.

"டமார் அண்ணே."

குரலில் கேலி இல்லை. ஆள் அடையாளம் கண்டுகொண்ட குரல், அவ்வளவுதான். சொல்வதற்கு அவரிடம் வார்த்தை இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து தினமும் அதை மனசுக்குள் எழுதி, அடித்து, எழுதி வைத்திருந்தார். ஒரு படி ஏறினால் போதும்.

டமார் அண்ணன் கையை நெற்றிக்குமேல் வெயிலுக்கு மறைப்பதுபோல வைத்து, கண்களைச் சுருக்கினார்.

"யாரும்மா? கண்ணு சரியாத் தெரியல."

அவள் அவருடைய கண்களையே பார்த்தாள். வெயிலில் அவை பளிச்சென்று, புரை ஏதுமில்லாமல் இருந்தன. பிறகு உருப்பெருக்கியை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

"யாரும் இல்லண்ணே. பார்த்துப் போங்க."

தெளிவாகத் தெரிந்த படியைக் காலால் தடவித் தேடியபடி அவர் இறங்கினார்.